ஜெயித்தாலும் காசு வராத ஜாக்பாட்: அம்மாவின் கைபேசியில் நான் பார்த்தது

கைபேசியில் ஆடும் ஜாக்பாட் செயலிகள் பலவற்றில் எவ்வளவு ஜெயித்தாலும் ஒரு காசு கைக்கு வராது. திரையில் கோடிக்கணக்கில் நாணயங்கள் சேரும், ஆனால் அதைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்ற வழியே கிடையாது. காசு உள்ளே போகும், வெளியே வராது. இப்படிப்பட்ட விளையாட்டுக்கு யாராவது பணம் கட்டுவார்களா என்று முன்பு யாராவது என்னைக் கேட்டிருந்தால், மாட்டார்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். என் அம்மா ஒன்றரை வருடத்தில் கிட்டத்தட்ட 14,000 வெள்ளி கட்டியிருந்தார். தம்பியிடமோ சொந்தக்காரர்களிடமோ மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டதால், அதன் பிறகு வந்த எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகத்தான் சமாளித்தேன். இப்போது அவரே, "எழுதும்மா, இன்னொரு வீட்ல நடக்காம இருக்கட்டும்" என்று சொன்ன பிறகு எழுதுகிறேன். இதை யாராவது தமிழில் முன்பே எழுதி வைத்திருந்தால் எனக்கு எத்தனையோ மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

அம்மாவுக்கு 67 வயது. அப்பா போன பிறகு ஈசூனில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பொங்கோலில். விஷயம் வெளியே வந்தது நகர மன்றத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தால். கணக்கில் பணம் இல்லாததால் பராமரிப்புக் கட்டணத்தை ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாக, கழிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது, அப்பாவின் காப்புறுதிப் பணமும் அதே கணக்கில்தான் இருக்கிறது, எப்படிக் காலியாகும்? வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தால் 6.98, 14.98, 28.98 என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. சில இரவுகளில் அடுத்தடுத்து ஐந்தாறு வரிகள். சிங்கப்பூரில் இருக்கிற யாருக்கும் இதைப் பார்த்தால் மோசடி என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான். உடனே வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொன்னேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாக விளக்கினார்: இவை செயலிக் கடை வழியாக, அந்தக் கைபேசியிலேயே கைரேகை வைத்து உறுதிசெய்த கட்டணங்கள். மோசடி இல்லை.

இங்கே ஒரு விஷயம். வங்கி அறிக்கையில் செயலிக் கடையின் பெயர் மட்டும் வந்தால், எந்தச் செயலிக்குக் காசு போனது என்று தெரியாது. கைபேசியில் செயலிக் கடையின் கணக்குக்குள் போனால் வாங்கியவற்றின் பட்டியல் இருக்கும். அதில் செயலியின் பெயர், தேதி எல்லாம் வரும். பெற்றோரிடம் கேள்வி கேட்பதற்கு முன்பு அதைப் பாருங்கள். எனக்கு அந்தப் பட்டியலில் கண்ணில் பட்டதெல்லாம் ஒரே செயலியின் பெயர்தான்.

கோபமும் பயமும் சேர்ந்தே வந்தன. அம்மா அங் மோ கியோவில் மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவர். ஈரச் சந்தையில் கீரைக்கட்டு பத்துக் காசு அதிகம் என்றால் அடுத்த கடைக்கு நடப்பார். அப்படிப்பட்டவர் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கே இப்பல்லாம் புடிக்கலம்மா. ஆனா கீழ வைக்க முடியல" என்றார். சாக்கு சொல்கிறார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். அது உண்மை என்று புரிய எனக்குப் பல வாரம் பிடித்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற நரம்பியல் ஆய்வாளர் இருக்கிறார். ஒன்று நமக்கு இன்பம் தருவதும், ஒன்று நம்மை வேண்டும் வேண்டும் என்று இழுப்பதும் மூளையில் வேறு வேறு வேலைகள் என்பதை அவரும் கூட வேலை செய்தவர்களும் 1980களின் கடைசியிலிருந்து காட்டி வந்திருக்கிறார்கள். டோப்பமைன் என்று ஒரு மூளை வேதிப்பொருளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோமே, அது பெரும்பாலும் இழுப்புக்கான சமாசாரம், இன்பத்துக்கானது இல்லை. சாதாரணமாக இரண்டும் சேர்ந்தே போகும், அதனால் நமக்கு வித்தியாசம் தெரியாது. பழக்கம் முற்றும்போது இன்பம் வடிந்துபோய் இழுப்பு மட்டும் நிற்கும். அம்மா சொன்ன இரண்டே வாக்கியத்தில் அது முழுசாக இருந்தது. ரசித்து ஆடுகிறாரா, மாட்டிக்கொண்டாரா என்பதற்கு நான் கண்ட முதல் அளவுகோல் இதுதான். எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பதைவிட, ஆடி முடித்து வைக்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வரையறையிலும் இத்தனை மணி நேரம் என்ற கணக்கே கிடையாது. கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் பெரிதாகிவிடுவது, கெடுதல் நடந்தும் தொடர்வது ஆகிய மூன்றைத்தான் பார்க்கிறார்கள்.

கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை சோபாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்கிட்ட காட்டுங்க, எப்படி ஆடுறதுன்னு" என்று கேட்டேன். எனக்கு மிகவும் உதவியது அந்த ஒரு மணி நேரம்தான். ஒரு சுழற்றுக்கு 50 லட்சம் நாணயம். அம்மாவின் கட்டை விரல் திரையின் அதே மூலையில், பார்க்காமலேயே போய் அழுத்துகிறது. சக்கரங்கள் நின்றதும் பொன்னிறமாக நாணயங்கள் கொட்டுகின்றன, இசை ஏறுகிறது, போன் கையில் அதிர்கிறது, '12 லட்சம்' என்று பெரிய எழுத்து. "ஜெயிச்சிட்டேன்" என்றார் அம்மா. போட்டது 50, வந்தது 12. 38 லட்சம் தோற்றதற்கு அந்தக் கொண்டாட்டம்! அதைச் சொன்னதும் அம்மா திரையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு மறுபடி அழுத்தினார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். வெற்றிபோல வேஷம் போட்ட தோல்வி என்று இதற்கு ஆய்வாளர்களிடம் பெயரே இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2010ல், தோலின் வேர்வை மாற்றத்தை வைத்து அளந்து பார்த்தபோது, இப்படித் தோற்றாலும் உடம்பு நிஜமாகவே ஜெயித்ததுபோலத்தான் துள்ளியது. அதே மாதிரி, இரண்டு ஏழு வந்து மூன்றாவது ஏழு ஒரு கட்டம் மேலே நின்றுவிடுமே, அந்த 'கொஞ்சத்தில் போச்சு' நிமிடம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009ல் மூளையைப் படம் எடுத்துப் பார்த்ததில், ஜெயிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் அந்தத் தோல்வியின்போதும் வேலை செய்தன. ஆடியவர்களுக்கு அது இனிமையாக இல்லை, ஆனால் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. அம்மா ஒவ்வொரு தடவையும் "ச்சே, இதோ வந்திருக்கும்" என்றது அதுதான். இன்ன தடவைக்கு ஒரு பரிசு என்று நிச்சயமாகக் கொடுப்பதைவிட, எப்போது வரும் என்று தெரியாமல் கொடுத்தால் புறாக்கள் விடாமல் பொத்தானைக் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1950களிலேயே விரிவாக எழுதிவிட்டார். இதெல்லாம் தெரிந்துதான் இந்தச் செயலிகளைக் கட்டுகிறார்கள்.

இன்னொன்று எனக்கு உறைத்தது, முடிவு என்பதே அங்கே இல்லை. அம்மா பல வருடமாகப் புத்தகத்தில் சுடோகு போடுகிறவர். ஒரு கட்டம் முடிந்ததும் பேனாவை மூடிவிட்டு அரிசி களையப் போய்விடுவார். வசந்தம் தொலைக்காட்சியில் நாடகம் முடிந்தால் டிவியை அணைப்பார். இரண்டையும் அவர் மனமார ரசித்தார், இரண்டிலும் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருந்தது. இந்தச் செயலியில் ஒரு சுழற்று முடிவதற்குள் அடுத்தது. தானாகச் சுற்றும் பொத்தானும் உண்டு. நாணயம் தீர்ந்தால் அங்கேயாவது நிற்கலாம் அல்லவா? தீர்ந்த அந்த நொடியில்தான் '28.98க்கு ஐந்து மடங்கு, இன்னும் 9 நிமிடம் மட்டும்' என்று கடிகாரம் ஓட ஒரு பெட்டி எழும்புகிறது. கைரேகை வைத்தால் போதும். கட்டிய வெள்ளி திரையில் நாணயமாக மாறிவிட்ட பிறகு லட்சமும் கோடியும்தான் கண்ணுக்குத் தெரியும், 28.98 மறந்துபோகும். கீரைக்குப் பத்துக் காசு பார்த்தவர் இங்கே பார்க்கவில்லை என்றால் காரணம் அதுதான். அடுத்த நாள் முழுக்க எந்நேரம் பரிசுச் சக்கரம் திறக்கும், எந்நேரம் அது காலாவதியாகும் என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். வராமல் இருந்தால் நஷ்டம் என்று நினைக்க வைக்கிற எந்தச் செயலியையும் இப்போது நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதில் எதுவுமில்லை. அம்மாவுக்கு அந்தச் செயலியில் ஓர் 'உதவியாளர்' இருந்தார். அதிகம் காசு கட்டுகிறவர்களுக்கு நிறுவனம் தனியாக ஒருவரை ஒதுக்குகிறது. அவர் மெசஞ்சரில் பேசுவார், நாலு நாள் வராவிட்டால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார், கொஞ்சம் நாணயம் பரிசாக அனுப்புவார். அம்மா அந்த உரையாடலை எனக்குக் காட்டினார். தீபாவளி அன்று விடிகாலையில் 'ஹேப்பி தீபாவளி' என்று விளக்குப் படத்தோடு ஒரு செய்தி, கூடவே இரண்டு கோடி நாணயம். "அந்தப் பொண்ணுதான் முதல் ஆளா வாழ்த்து சொல்லுச்சு" என்றார் அம்மா. குறை சொல்லும் குரலில் இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். ஆட்டத்தில் ஒரு குழுவும் உண்டு, யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ. தான் ஆடாவிட்டால் குழுவின் புள்ளி குறையுமே என்று அம்மா கவலைப்பட்டார். தனியாக இருக்கிற ஒருவரைப் பிடித்து வைக்க இதைவிட உறுதியான கயிறு வேண்டாம். உங்கள் அம்மாவோ அப்பாவோ ஒரு விளையாட்டில் 'அங்கே இருக்கிறவர்கள்' என்று ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், காசைப் பற்றிக் கேட்பதற்கு முன் அந்த ஆட்களைப் பற்றிக் கேளுங்கள்.

இது ஜாக்பாட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கீழே தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006ல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். பக்கம் முடிகிற இடத்தில் நாம் ஒரு நொடி நின்று யோசிப்போம், அந்த நொடியைத்தான் எடுத்துவிட்டார்கள். குறுங்காணொளிகளில் அடுத்தது நன்றாக இருக்குமா என்று தெரியாமல் தள்ளுவதும் அம்மாவின் கட்டை விரல் செய்ததும் ஒரே வேலைதான். காசு போவதில்லை, நேரம் போகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நம் ஊரில் 2010ல் சூதாட்டக் கூடங்கள் வந்தபோதே வாசலில் ஒரு தடை வைத்தார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும், 2019 ஏப்ரலிலிருந்து அது 150. நம்மை நாமே உள்ளே விடாதபடி பதிந்துகொள்ளலாம், குடும்பத்தாரும் விலக்கு உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம். வாசலில் ஒருவர் நின்று காசு கேட்கும்போது மனசு ஒருமுறை யோசிக்கிறது அல்லவா? படுக்கையில் கையில் இருக்கிற போனுக்கு அந்த வாசல் கிடையாது. ஜெயித்தால் பணம் வராது என்பதால் இந்தச் செயலிகள் அந்த விலக்குப் பட்டியலுக்குள் வருவதும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சட்டத்தின்படி, தொடர்ந்து ஆட அந்த நாணயம் தேவைப்படுவதால் அதற்கும் மதிப்பு உண்டு, எனவே இது சூதாட்டமே என்று 2018ல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு 2021ல் 155 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. அதைப் படித்தபோது, நானாக எதையும் பெரிதுபடுத்தவில்லை என்று ஒரு நிம்மதி.

செயலியை அழித்தால் முடிந்துவிடும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். அழித்தோம். சில நாளில் அம்மா திரும்ப இறக்கினார், கணக்கும் நாணயமும் அப்படியே இருந்தன, திரும்பி வந்ததற்கு வரவேற்புப் பரிசு வேறு. கார்டை எடுத்த பிறகு புளோக்குக்குக் கீழே கடையில் பரிசு அட்டை வாங்கி அதிலிருந்து கட்டினார். அதனால் வரிசை முக்கியம். முதலில் கைபேசியில் செயலிக்குள் வாங்குவதையே அடைக்க வேண்டும். ஐபோன் என்றால் 'ஸ்கிரீன் டைம்' பகுதியில் செயலிக்குள் வாங்குவதை அனுமதிக்காதபடி மாற்றி, அதன் கடவு எண்ணை வேறொருவர் வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்து, கைரேகையை நீக்கி, கார்டையும் எடுத்துவிடலாம். அதற்கப்புறம், செயலியை அழிப்பதற்கு முன்பு, ஆடியவர் பெயரிலேயே நிறுவனத்துக்கு எழுதிக் கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்ல வேண்டும். முதல் பதிலில் இன்னும் கொஞ்சம் நாணயம் தருகிறோம் என்றார்கள். சூதாட்டப் பிரச்சினை காரணமாக மூடச் சொல்கிறேன் என்று அம்மா தெளிவாக எழுதிய பிறகுதான் மூடினார்கள். மெசஞ்சரில் அந்த உதவியாளரையும் அன்றே முடக்கினோம். அம்மாவுக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது, அழுதார்.

பணத்தைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கடைசியாக வாங்கிய சிலவற்றுக்கு மட்டும் திரும்பக் கிடைத்தது, சில நூறு வெள்ளி. மற்றது போனது போனதுதான். கூகல் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம், ஆப்பிளுக்கும் சீக்கிரம் கேட்பதே நல்லது.

ஆலோசனைக்குப் போகலாமா என்றதும் அம்மா, "உட்பிரிட்ஜுக்கா? எனக்கு என்ன பைத்தியமா?" என்றார். அந்தத் தலைமுறைக்கு மனநலக் கழகம் இன்னும் அதன் பழைய பெயரான உட்பிரிட்ஜ்தான், எவ்வளவு விளக்கினாலும். அதனால் நான் மட்டும் முதலில் உதவி எண்ணை அழைத்துப் பேசினேன். குடும்பத்தாரும் தனியாக அழைக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. எதிர்முனையில் இருந்தவர் அம்மாவைத் திருத்துவது பற்றிப் பேசவில்லை, இரவில் எந்த நேரத்தில் ஆடுகிறார், அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒன்பது மணிக்கு மேல்தான், யாரும் இல்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் எல்லாம் மாறியது. ஒன்பதரைக்கு நான் வீடியோவில் அழைக்க ஆரம்பித்தேன், பேச ஒன்றுமில்லாவிட்டாலும் என் சமையலறையில் போனை நிறுத்தி வைத்துவிட்டு வேலை செய்வேன், அவர் அங்கே சுடோகு போடுவார். ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆள் தேவை என்று தோழி ஒருவர் கூப்பிட, அதற்கும் போகிறார். முதல் சில வாரம் தூக்கமில்லை, எரிச்சல், சின்ன விஷயத்துக்கும் என்மேல் பாய்ச்சல். அது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. பிறகு அம்மாவே ஒருநாள், "அந்த ஆலோசகர்கிட்ட நானும் பேசலாமா?" என்று கேட்டார். இப்போது பேசி வருகிறார். ஆசை வருவதில்லை என்று நான் சொல்லமாட்டேன், மாதத் தொகை வரும் நாட்களில் இன்னும் வருகிறது. அந்த நாட்களில் அவரே முன்கூட்டி என்னிடம் சொல்லிவிடுகிறார்.

அழைக்க வேண்டியிருந்தால்: சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண் 1800-6-668-668. மனநலக் கழகத்தில் போதைப்பழக்கங்களுக்கான பிரிவின் எண் 6732 6837, விளையாட்டுப் பழக்கத்துக்கும் அங்கே பேசலாம். நேரில் போவதென்றால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். அழைப்பதற்கு முன் வாங்கியவற்றின் பட்டியல், எந்த நேரங்களில் ஆடுகிறார், கடன் ஏதாவது உண்டா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பார்கள்.